நன்றி என்றால் நினைப்பது



நம் சபையின் ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. ஓய்வுநாள் பாடசாலையில் ஒரு சிறுமி கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லாமல் இருந்தேன். அந்தக் கடனை இந்த மலரில் தீர்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

அன்று பாடம், லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் வரும் பத்துக் குஷ்டரோகிகளின் கதை. பத்துப் பேரும் சுகமானார்கள். ஒருவன் மட்டும் இயேசுவிடம் திரும்பி வந்தான். அவனும் யூதன் அல்ல, சமாரியன். மற்ற ஒன்பது பேரும் எங்கே என்று இயேசு கேட்டார். பாடம் முடிந்ததும் அந்தச் சிறுமி கையை உயர்த்தினாள்.

"ரீச்சர், எங்கட அம்மம்மா ஒருநாளும் 'டக்' சொல்லமாட்டா. தண்ணி கொண்டுபோய்க் குடுத்தாலும் சொல்லமாட்டா. அவவும் அந்த ஒன்பது பேரைப் போலவோ?"

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் குறும்புக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டாள். டெனிஷ் பாடசாலையில் ஒரு நாளைக்கு நூறு தரம் 'டக்' சொல்லப் பழகிய பிள்ளை அவள். வீட்டில் அம்மம்மாவிடமிருந்து அந்தச் சொல்லோ அதற்கு இணையான தமிழ்ச் சொல்லோ அவள் கேட்டதில்லை. அம்மம்மாவுக்கு நன்றியுணர்வு இல்லையோ என்று ஒரு சின்ன மனம் வருந்துகிறது. இது சிறிய விஷயம் அல்ல. வாருங்கள், இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு உலகத்தைக் கொஞ்சம் சுற்றி வருவோம்.

டக் என்ற சின்னச் சொல்

முதலில் நாம் வாழும் நாட்டிலிருந்தே தொடங்குவோம். டென்மார்க்கில் 'டக்' என்ற சொல்லைப் போல உழைக்கும் சொல் வேறு இல்லை. கடையில் ஒரு கோப்பை கோப்பி கேட்கும்போதும் கடைசியில் 'டக்' சேர்த்துக்கொள்கிறோம். 'தயவுசெய்து' என்பதற்கும் அதுவே உதவுகிறது. சாப்பிட்டு எழும்பும்போது பிள்ளைகள் சமைத்தவரைப் பார்த்து 'டக் ஃபோர் மத்' என்கிறார்கள். சாப்பாட்டுக்கு நன்றி என்பது அதன் பொருள். சமைத்தவர் 'வெல்பெகோமெ' என்று பதில் சொல்கிறார். அது உன் உடம்புக்கு நன்மையாகட்டும் என்று சொல்வது போன்றது.

எனக்கு மிகவும் பிடித்தது 'டக் ஃபோர் சிஸ்ட்' என்பது. நேரே சொன்னால் 'கடைசித் தடவைக்கு நன்றி'. ஒருவர் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருக்கிறீர்கள். பிறகு அவரைத் தெருவில் சந்திக்கிறீர்கள். இரண்டு கிழமை கடந்திருக்கலாம், இரண்டு மாதமும் கடந்திருக்கலாம். சந்தித்தவுடன் 'டக் ஃபோர் சிஸ்ட்' என்று சொல்ல வேண்டும். நான் அந்த நாளை மறக்கவில்லை என்று சொல்வதுதான் அது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நம்மில் பலர் இதைச் சொல்லத் தெரியாமல் நின்றிருக்கிறோம்.

இந்த 'டக்' என்ற சொல்லுக்கு உறவினர் பலர். ஜேர்மன் மொழியின் 'டாங்கெ', ஆங்கிலத்தின் 'தாங்க்ஸ்', நோர்வேயினதும் சுவீடனினதும் 'தக்' எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. அந்த வேர் என்ன தெரியுமா? 'நினைத்தல்' என்பதுதான். ஆங்கிலத்தில் 'தாங்க்' என்பதையும் 'திங்க்' என்பதையும் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். ஜேர்மனில் 'டாங்கென்', 'டெங்கென்' என்று சொல்லிப் பாருங்கள். அண்ணனும் தம்பியும் போல இருக்கின்றன அல்லவா? நன்றி சொல்பவர் தமக்குச் செய்யப்பட்டதை நினைக்கிறார். மிகப் பழைய காலத்தில் வட ஐரோப்பிய மக்கள் நன்றிக்கு இட்ட பெயரே நினைப்பு.

நம்முடைய நன்றி

இப்போது நம் தமிழுக்கு வருவோம். 'நன்றி' என்பது 'நல்' என்ற வேரில் பிறந்த சொல். நல்லது, நன்மை, நன்று, நன்றி எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள். பழைய தமிழில் நன்றி என்றால் நன்மை, அதாவது ஒருவர் செய்த நல்ல காரியம். இன்று நாம் 'தாங்க்ஸ்' என்ற பொருளில் அதைச் சொல்கிறோம். அன்று அது செய்த உதவியையே குறித்தது.

அப்படியானால் நன்றியுணர்வுக்கு நம் முன்னோர் என்ன பெயர் வைத்தார்கள்? திருக்குறளின் பதினோராம் அதிகாரத்தின் பெயரைப் பாருங்கள்: செய்ந்நன்றியறிதல். நமக்குச் செய்யப்பட்ட நன்மையை அறிந்திருத்தல். சொல்லுதல் என்று அந்தப் பெயரில் இல்லை, அறிதல் என்றுதான் இருக்கிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்ற பழமொழியை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அங்கேயும் பாருங்கள், 'நினை' என்றுதான் இருக்கிறது. ஒருவர் கையால் ஒரு பிடி சோறு உண்டால், உயிர் உள்ளவரை அவரை மனதில் வைத்திரு என்பது அதன் பொருள்.

பனி விழும் வட ஐரோப்பாவும் பனைமரம் நிற்கும் நம் ஊரும் ஒன்றையொன்று அறியாத காலத்திலேயே, நன்றியைப் பற்றி இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. நன்றி என்றால் நினைப்பது, அறிந்திருப்பது.

மற்ற மக்கள் என்ன சொல்கிறார்கள்?

எல்லா மொழியும் இதே வழியில் போகவில்லை. நன்மை பெற்றவர் முதலில் எதை உணர்கிறார் என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது.

போர்த்துக்கேயர் 'ஒப்ரிகாது' என்கிறார்கள். 'நான் கட்டுண்டவன், உமக்குக் கடமைப்பட்டவன்' என்பது அதன் பொருள். ஆண் சொன்னால் 'ஒப்ரிகாது', பெண் சொன்னால் 'ஒப்ரிகாதா'. போர்த்துக்கேயர் 1505ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தார்கள். 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணம் அவர்கள் கையில் இருந்தது. அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொண்ட சொற்கள் இன்றும் நம் வீட்டில் இருக்கின்றன. காலையில் உண்ணும் பாண், அதை வைக்கும் மேசை, உடுப்பு வைக்கும் அலுமாரி, வீட்டுச் சாவி, யன்னல் எல்லாம் போர்த்துக்கேயம். இத்தனையும் எடுத்தோம், அவர்களுடைய நன்றிச் சொல்லை மட்டும் எடுக்கவில்லை! பொருள் கடல் கடந்து வரும்போது அதன் பெயரும் கூடவே வந்துவிடுகிறது. நன்றியைக் காட்ட நமக்கு நம்முடைய வழி ஏற்கெனவே இருந்தது.

பிரெஞ்சுக்காரர் 'மெர்சி' என்கிறார்கள். கூலி, பரிசு என்ற பொருளுள்ள பழைய லத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது. இரக்கம் என்ற பொருளுள்ள ஆங்கிலத்து 'மேர்சி'யும் அதே சொல்லிலிருந்து வந்ததுதான்.

ரஷ்யர் 'ஸ்பசீபா' என்கிறார்கள். 'கடவுள் உன்னைக் காப்பாராக' என்ற ஒரு சிறிய ஜெபம் காலப்போக்கில் சுருங்கி ஒரே சொல்லாகிவிட்டது. கடையில் மீதிக் காசை வாங்கிக்கொண்டு 'ஸ்பசீபா' சொல்லும் பலருக்குத் தாம் ஒரு ஜெபம் சொல்கிறோம் என்ற நினைவே இராது.

மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் 'தெரிமா காசே' என்பார்கள். 'தெரிமா' என்றால் ஏற்றுக்கொள். 'காசே' என்றால் அன்பு. கொடுத்தது எதுவாயிருந்தாலும் அதோடு வந்த அன்பைப் பெற்றுக்கொண்டேன் என்று சொல்வது எவ்வளவு அழகு!

ஜப்பானியர் 'அரிகாத்தோ' என்கிறார்கள். 'கிடைத்தற்கு அரியது' என்ற கருத்தில் பிறந்த சொல் அது. போர்த்துக்கேயரின் 'ஒப்ரிகாது'தான் ஜப்பானுக்குப் போய் 'அரிகாத்தோ' ஆயிற்று என்று சிலர் சொல்வார்கள். அது பிழை. போர்த்துக்கேயர் ஜப்பானில் கால் வைத்தது 1543இல். அதற்கு முன்பே அந்தச் சொல்லின் மூலம் ஜப்பானிய மொழியில் இருந்தது. ஒலி ஒத்திருப்பதால் மட்டும் இரண்டு சொற்கள் உறவாகிவிடாது. பிள்ளைகளே, யாராவது இந்தக் கதையைச் சொன்னால் நீங்கள் திருத்தலாம்.

ஹொங்கொங்கில் பேசும் கன்ரனீஸ் மொழியில் ஒன்றுக்கு இரண்டு நன்றிகள் உண்டு. யாராவது பரிசு தந்தால் 'தோ ஜே' என்று சொல்ல வேண்டும். கதவைத் திறந்துவிட்டாலோ தேநீர் ஊற்றித் தந்தாலோ 'ம் கோய்' என்று சொல்ல வேண்டும். 'ம் கோய்' என்பது 'நீங்கள் இப்படிச் செய்ய வேண்டியதில்லையே' என்ற கருத்திலிருந்து வந்தது. நம் வீட்டில் யாராவது பலகாரம் கொண்டுவந்தால் அம்மா, "ஏன் இதெல்லாம், உங்களுக்கு வீண் சிரமம்" என்பா. அதுவும் ஒருவகை 'ம் கோய்' அல்லவா?

வேதாகமத்தின் மொழிகள்

பழைய ஏற்பாட்டின் மொழியாகிய எபிரேயத்தில் நன்றிக்கு 'தோதா' என்று பெயர். இன்றைக்கும் இஸ்ரவேல் நாட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும் பிள்ளை சாரதியைப் பார்த்து 'தோதா' என்றுதான் சொல்லும். ஆனால் லேவியராகமத்தில் அதே சொல் ஒரு பலியின் பெயர். அதுதான் ஸ்தோத்திர பலி. அந்தப் பலியோடு அப்பமும் படைக்கப்பட்டது. பலியின் இறைச்சியை அன்றைக்கே உண்டு முடிக்க வேண்டும், விடியும்வரை மீதி வைக்கக்கூடாது என்பது சட்டம். ஒரு குடும்பம் தனியே உண்டு முடிக்கக்கூடிய அளவா அது? நாலு பேரைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். நன்றி என்பது அங்கே தனியே இருந்து சொல்லும் சொல்லாக இல்லை. பந்தி போட்டுப் பகிர்ந்து உண்ணும் சாப்பாடாக இருந்தது. யாக்கோபின் மனைவி லேயாள் தன் நாலாவது மகனுக்கு யூதா என்று பெயர் வைத்தாளே, அந்தப் பெயரும் இதே வேரைச் சேர்ந்தது.

புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. திரும்பி வந்த சமாரியன் நன்றி செலுத்தினான் என்பதற்கு லூக்கா எழுதிய சொல், இன்றும் ஏதென்ஸ் நகரத்துக் கடைகளில் கேட்கும் 'எஃப்கரிஸ்தோ' என்பதேதான். அதன் நடுவில் 'காரிஸ்' என்ற சொல் இருக்கிறது. கிருபை என்பது அதன் பொருள். கர்த்தருடைய பந்தியைப் பல சபைகள் 'யூக்கரிஸ்ட்' என்று அழைப்பதும் இந்தச் சொல்லால்தான். அப்பத்தைப் பிட்கிற மேசைக்கே நன்றி என்று பெயர்.

தமிழ் வேதாகமத்தில் அந்தச் சமாரியன் செலுத்தியது என்ன? ஸ்தோத்திரம். நாம் ஒருவரையொருவர் கண்டதும் கை கூப்பி "ஸ்தோத்திரம்" என்று சொல்கிறோம். ஜெபத்திலும் சொல்கிறோம், காணிக்கை போடும்போதும் சொல்கிறோம். இது சமஸ்கிருதத்திலிருந்து வந்த சொல். புகழுதல் என்ற பொருளுள்ள 'ஸ்து' என்பது அதன் வேர். சைவ மக்கள் தங்கள் பக்திப் பாடல்களைத் தோத்திர நூல்கள் என்று சொல்வார்கள். நாம் பாடும் 'துதி'யும் அதே வேர்தான்.

இன்னும் ஒன்று சொல்கிறேன், கவனியுங்கள். சிங்கள மொழியில் நன்றி சொல்வதற்கு 'ஸ்தூதியி' என்பார்கள். அதுவும் இதே 'ஸ்து' என்ற வேரில் பிறந்ததே. நாம் ஆலயத்தில் சொல்லும் ஸ்தோத்திரமும், கொழும்புச் சந்தையில் ஒரு சிங்களத் தாய் சொல்லும் ஸ்தூதியும் உடன்பிறந்தவை. இத்தனை துயரம் நடந்து முடிந்த ஒரு தீவில், நன்றிக்கான இரண்டு சொற்கள் ஒரே வேரைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பிள்ளைகளே, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேதாகமம் தமிழுக்கு வந்த கதையில் டென்மார்க்குக்கும் ஒரு பங்கு உண்டு. டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய இரண்டு ஜேர்மன் இளைஞர்கள், சீகன்பால்க்கும் புளுட்சோவும், 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். தரங்கம்பாடி அன்று டெனிஷ்காரர் வசம் இருந்த துறைமுகம். சீகன்பால்க் தமிழ்ப் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து, ஒரு தமிழ் ஆசிரியரிடம் எழுத்துப் படித்தார். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வெளிவந்தது. 'டாங்கெ' என்று சொல்லி வளர்ந்த ஒருவர், நம் மொழியில் அதற்குச் சொல் தேடினார். அவருக்கு அகரம் சொல்லிக் கொடுத்த ஆசிரியரை நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்?

யாழ்ப்பாணத்திலும் ஒரு கதை உண்டு. மெதடிஸ்த மிஷனரியாகிய பீற்றர் பேர்சிவல் வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்தபோது, அவருக்குத் துணையாக இருந்தவர் ஆறுமுக நாவலர். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. நாவலர் சைவராகவே வாழ்ந்தார். கிறிஸ்தவப் பிரசாரத்தை எதிர்த்துக் கடுமையாக எழுதியவரும் அவரே. ஆயினும் நம் வேதத்துக்குத் தமிழ் தேடிக் கொடுத்த கைகளில் அவர் கையும் ஒன்று. நம் கருத்தோடு ஒத்துப்போகாதவர் செய்த நன்மையையும் அறிந்து சொல்வதுதான் செய்ந்நன்றியறிதல். அந்தச் சமாரியனைப் புகழ்ந்தபோது இயேசுவும் அதைத்தானே நமக்குக் காட்டினார்?

சொல்லே இல்லாத நன்றி

இனி அந்தச் சிறுமியின் கேள்விக்கு வருகிறேன். சொல் இல்லாவிட்டால் நன்றியும் இல்லையா?

2018ஆம் ஆண்டு மொழியியல் ஆய்வாளர் சிலர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐந்து கண்டங்களில் எட்டு மொழிகள் பேசும் மக்கள், தங்கள் வீட்டாரோடும் நண்பரோடும் அன்றாடம் பேசுவதைப் பதிவு செய்து கேட்டார்கள். "அந்த உப்பை எடு", "இதைக் கொஞ்சம் பிடி" என்று ஒருவர் கேட்க மற்றவர் செய்கிறார். அப்போது கேட்டவர் வாய் திறந்து நன்றி சொல்கிறாரா? எல்லா மொழிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய இருபது தரத்துக்கு ஒரு தரம்தான் சொன்னார்கள். அதிகமாகச் சொன்ன ஆங்கிலம் பேசுவோரும் ஏழு தரத்துக்கு ஒரு தரம் அளவில்தான் சொன்னார்கள். தென் அமெரிக்காவில் எக்குவடோர் நாட்டில் சாபாலா என்ற மொழி பேசும் மக்களிடம், நன்றி சொல்வதற்கென்று வழக்கமான ஒரு சொல்லே இல்லை. ஆனாலும் கேட்ட உதவியை அந்த மக்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

காரணம் விளங்குகிறதா? வீட்டுக்குள் உதவி செய்வது இயல்பு. அம்மா சோறு போட்டால் பிள்ளை உண்ணும். பிள்ளை தண்ணீர் கொண்டுவந்தால் அம்மம்மா குடிப்பா. நம் ஊரில் நெருங்கிய உறவுக்கு நன்றி சொன்னால், "என்னை வெளி ஆளாக்கிப்போட்டாய்" என்று கோபித்துக்கொள்ளும் பெரியவர்கள் இருந்தார்கள். நன்றி என்ற சொல் அவர்களுக்கு மேடைச் சொல், கடிதச் சொல். கூட்டத்தின் முடிவில் நன்றியுரை என்று அதற்குத் தனி இடம் இருந்தது. அடுப்படியில் அதற்கு வேலை இருக்கவில்லை.

ஆனால் அடுப்படியில் வேறொன்று இருந்தது. பக்கத்து வீட்டார் ஒரு கிண்ணத்தில் கறி கொடுத்தனுப்பினால் அந்தக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பமாட்டார்கள். இரண்டு வாழைப்பழம், ஒரு பிடி சீனி, முற்றத்து முருங்கைக்காய், ஏதாவது ஒன்று அதில் இருக்கும். ஒன்றும் இல்லாவிட்டால் கிண்ணம் ஒரு நாள் காத்திருந்தாவது எதையாவது சுமந்துகொண்டுதான் போகும். வாயால் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கிண்ணம் சொல்லிற்று.

உங்கள் அம்மம்மாவைக் கவனித்துப் பாருங்கள் பிள்ளைகளே. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தால் அவ என்ன செய்கிறா? குடித்துவிட்டு, "நல்லாயிரு ராசாத்தி" என்று உங்கள் தலையைத் தடவுகிறாவா? ரஷ்யர் சொல்லும் 'ஸ்பசீபா'வும் அதுதானே, கடவுள் உன்னைக் காப்பாராக! தனக்குக் கிடைத்ததைப் பற்றி அவ ஒன்றும் சொல்லவில்லை. உங்களுக்குக் கிடைக்க வேண்டியதைக் கேட்கிறா. இரவில் எல்லாரும் படுத்த பிறகு, உங்கள் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறாவே, அதைக் கேட்டிருக்கிறீர்களா? அந்த ஒன்பது பேரோ திரும்பிப் பார்க்கவேயில்லை. அம்மம்மா ஒவ்வொரு நாளும் திரும்பிப் பார்க்கிறா. ஆகவே என் பதில் இதுதான்: இல்லை மகள், அவ அந்த ஒன்பது பேரைச் சேர்ந்தவ அல்ல.

இதே வேளையில் பெரியவர்களுக்கும் ஒரு சொல். நம் பிள்ளைகள் வேறொரு மொழிக்குள் வளர்கிறார்கள். சொல்லாத நன்றியை வாசிக்க அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நல்லது செய்த பிள்ளையைப் பார்த்து வாய் திறந்து "நன்றி" என்று சொன்னால் நாம் ஒன்றும் வெளி ஆளாகிவிடமாட்டோம். பிள்ளை நமக்காக ஒரு தமிழ் வாழ்த்தைப் புரிந்துகொள்ளட்டும். நாம் பிள்ளைக்காக ஒரு 'டக்' சொல்லிப் பழகுவோம்.

இந்த நாட்டில் நமக்குச் செய்யப்பட்டவை

நன்றி என்றால் நினைப்பது என்று சொன்னேன். நினைப்பது என்றால் நடந்ததை நடந்தபடியே நினைக்க வேண்டும்.

1983ஆம் ஆண்டு இலங்கையில் நடந்த கலவரத்துக்குப் பின், நம்மில் பலர் இந்த நாட்டுக்கு அகதிகளாக வந்தோம். அகதியாக ஏற்கப்பட்டவர் தம் மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளும் உரிமை அன்றைய டெனிஷ் சட்டத்தில் இருந்தது. ஆனால் 1987இல் நீதி அமைச்சர் இட்ட உத்தரவால், இலங்கைத் தமிழரின் குடும்ப விண்ணப்பங்கள் ஒதுக்கி வைக்கப்பட்டன. போர் நடந்த மண்ணில் மனைவியும் பிள்ளைகளும், பனியில் ஓர் அறையில் தகப்பன் என்று எத்தனையோ குடும்பங்கள் காத்துக் கிடந்தன.

அது சட்டத்துக்கு மாறானது என்று சொன்னவர்களும் இந்த நாட்டவர்களே. பாராளுமன்றத்தின் ஒம்புட்ஸ்மன், அதாவது மக்களின் முறைப்பாடுகளை விசாரிப்பவர், அதை எடுத்து ஆராய்ந்தார். பிறகு விசாரணைக் குழு அமைந்தது. 1993 ஜனவரியில் அதன் அறிக்கை வெளிவந்தபோது பிரதமர் போல் ஸ்லூட்டரின் அரசாங்கம் பதவி விலகியது. 1995இல் முன்னாள் நீதி அமைச்சர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. டெனிஷ் வரலாற்றில் அது இன்றும் 'தமிழர் வழக்கு' என்ற பெயரிலேயே அறியப்படுகிறது. ஒரு சின்ன அகதிக் கூட்டத்துக்குச் செய்யப்பட்ட அநீதிக்காக ஓர் அரசாங்கமே இறங்கிப் போயிற்று.

இதை ஏன் ஆண்டு விழா மலரில் எழுதுகிறேன்? இடம் கொடுத்த நாட்டைப் பற்றி நல்லதை மட்டும்தான் பேச வேண்டும், அதுதான் நன்றி என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். அது 'ஒப்ரிகாது' வழி. கட்டுண்டவர் தலையைக் குனிந்து நிற்பார். நாம் இருப்பதோ 'டக்' சொல்லும் நாட்டில். அந்தச் சொல்லின் வேர் நினைப்பு. பட்ட காயத்தையும் நினைப்போம், அதைக் கட்டிய கைகளையும் நினைப்போம். காயத்தை மறந்துவிட்டால், அதைக் கட்டியவர் எவ்வளவு பெரிய காரியம் செய்தார் என்பதும் தெரியாமல் போய்விடும்.

நம் சபைக்கும் அப்படிப்பட்ட கைகள் உண்டு. நமக்கென்று ஓரிடம் இல்லாத நாட்களில், தங்கள் ஆலயத்தின் திறப்பைத் தந்து பின்னேரத்தில் ஆராதனை நடத்தவிட்ட டெனிஷ் சபையார் உண்டு. மொழி தெரியாத தாய்மாரை வைத்தியரிடம் கூட்டிப்போன அயலவர் உண்டு. பனியிலும் தங்கள் வாகனத்தில் நாலு ஊர் சுற்றி ஆட்களை ஏற்றி வந்த சகோதரர் உண்டு. ஆராதனை முடிந்ததும் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே நின்றதால் ஒரு படத்திலும் இடம்பெறாத சகோதரிகள் உண்டு. இந்த மலரில் பல படங்கள் இருக்கின்றன. படத்தில் இல்லாதவர்களையும் தேடிப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை

ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வீட்டுப் பாடம். விழா முடிந்த பிறகு உங்கள் அப்பப்பாவிடமோ அம்மம்மாவிடமோ அம்மா அப்பாவிடமோ போய் உட்காருங்கள். "நீங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது உங்களுக்கு முதலில் உதவி செய்தது யார்?" என்று கேளுங்கள். அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். அவர் என்ன செய்தார் என்பதையும் எழுதுங்கள். அவர் இன்னும் இருக்கிறார் என்றால், முகவரி தேடி உங்கள் கையால் ஒரு அட்டை அனுப்புங்கள். டெனிஷில் எழுதுங்கள், கீழே ஒரு வரி தமிழிலும் எழுதுங்கள். முப்பது வருடம் கழித்துச் சொன்னாலும் 'டக் ஃபோர் சிஸ்ட்' பிழையாகாது. அவர் இல்லையென்றால் அந்தப் பெயரை ஞாயிறு ஆராதனைக்குக் கொண்டுவாருங்கள், நாம் ஜெபத்தில் சொல்லுவோம்.

கேள்வி கேட்ட அந்தச் சிறுமிக்கும் என் நன்றி. அவள் கேட்டிராவிட்டால் நான் இவ்வளவையும் யோசித்திருக்க மாட்டேன். அவளுடைய அம்மம்மாவிடம் இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டும்படி சொல்லியிருக்கிறேன். வாசித்து முடித்ததும் அம்மம்மா ஒன்றும் சொல்லாமல் ஏதாவது சாப்பிடக் கொடுத்தனுப்புவா என்று எனக்குத் தெரியும். கிண்ணத்தை நான் வெறுமையாகத் திருப்பி அனுப்பமாட்டேன்.